வருஷத்துக்கு ஒரு புத்தகம், ஒரே ஒரு பிரதி

கொஞ்ச நேரம் கொசுவர்த்தி சுத்தப் போறேன். பொறுத்துக்குங்க மக்களே.

எங்க சித்தப்பா போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதினவர். படிப்பு எட்டாங்கிளாஸோட நின்னுபோச்சு. ஆனா அவர் கையில் படாத பத்திரிகை கிடையாது. கடைக்கு வருவது, சலூனில் கிடப்பது, பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வருவது, எதையும் விட மாட்டார். அதில் ராக்கெட், ரோபோ, வேற்றுக்கிரகம், கால இயந்திரம் என்று எது வந்தாலும் பிளேடு வைத்து அலுங்காமல் அறுத்து எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடுவார். பேய்க் கதைக்கும் அனுமதி உண்டு, பேய் கொஞ்சம் புத்திசாலியாக இருந்தால் :-)

தீபாவளிக்கு முந்தின வாரம் பெட்டி திறக்கும். வருஷம் பூரா சேர்ந்ததை எல்லாம் மறுபடி உட்கார்ந்து படிப்பார். பாதியைக் கழித்துக் கட்டுவார். மிச்சத்தைக் கோணி ஊசியும் நூலும் வைத்துத் தைத்து, மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து (பூச்சி அரிக்காதாம்), காலிகோ துணி ஒட்டி பைண்டு பண்ணுவார். முதுகில் வெள்ளை பெயிண்டில் 'விஞ்ஞானம் 1983' என்கிற மாதிரி வருஷம் எழுதுவார். 1979-லிருந்து 1987 வரை மொத்தம் ஒன்பது புத்தகம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. பெரிய லீவுக்குச் சின்னமனூரிலிருந்து நான் போடி போவதே அதுக்காகத்தான். பக்கத்தைப் புரட்டினால் ஏலக்காய் வாசம் அடிக்கும்.

இன்னொரு விஷயம். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் கடைக் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள் ஒட்டியிருக்கும். படித்து, பரவாயில்லை என்று நினைத்து, ஆனால் பைண்டில் சேர்க்காத கதைகளின் பட்டியல். கதை பேர், எழுதினவர் பேர், பத்திரிகை பேர், எல்லாம் கணக்குப்பிள்ளைக் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். சேர்த்த கதைகளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: 'நன்று', 'முடிவு அவசரம்', 'இங்கிலீஷில் இருந்து உருவியது'.

நிற்க.

அப்புறம் நான் மதுரையில் காலேஜ் படிக்கும்போது ஒரு பழைய புத்தகக் கடையில் மஞ்சள் முதுகு வைத்த ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. அமெரிக்காவில் டா புக்ஸ் என்று ஒரு கம்பெனி, அதை நடத்தின டொனால்ட் உல்ஹைம் தொகுத்தது. அந்த வருஷத்தில் வந்த அறிவியல் கதைகளில் சிறந்தவை என்று அட்டையிலேயே போட்டிருந்தது. பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரே ஆச்சரியம். இது நம்ம சித்தப்பா வேலையாச்சே!

தேடிப் படித்தபோது அது ஒரு தனி வம்சம் என்று தெரிந்தது. 1949-இல் எவரெட் பிளைலர், டி. இ. டிக்டி என்ற இரண்டு பேர் முந்தின வருஷக் கதைகளைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார்கள். அறிவியல் புனைகதைக்கு வருடாந்திரத் தொகுப்பு என்ற வழக்கம் அங்கிருந்து ஆரம்பிக்கிறது. 1956-லிருந்து ஜூடித் மெரில் என்ற அம்மா. இவங்க கொஞ்சம் வம்புக்கார ஆசிரியர். அறிவியல் கதைப் பத்திரிகைகளோடு நிற்காமல் இலக்கியப் பத்திரிகை, பொதுப் பத்திரிகை என்று கண்ட இடத்தில் கை வைத்து, 'இதுவும் நம்ம ஜாதிதான்' என்று கதைகளை இழுத்துக்கொண்டு வருவார். 1968 வரை பன்னிரண்டு தொகுப்பு. உல்ஹைம் முதலில் டெர்ரி காருடன் சேர்ந்து 1965-லிருந்தும், பிறகு தன் சொந்தக் கம்பெனியில் 1972-லிருந்தும் தொகுத்து, 1990-இல் சாகும் வருஷம் வரை விடவில்லை. ஃபேண்டஸிக்கு 1975-இல் லின் கார்ட்டர் தனியாக ஒரு வரிசை ஆரம்பித்தார். 1988-லிருந்து எலன் டாட்லோ, டெர்ரி விண்ட்லிங் இரண்டு பேரும் மாயக் கதையையும் திகில் கதையையும் ஒன்றாகக் கட்டி ஆரம்பித்த வரிசை, 21 தொகுப்புகள் வந்து 2008-இல் நின்றது.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் கார்ட்னர் டோஸுவா. 1984-லிருந்து 2018 வரை 35 தொகுப்பு. ஒவ்வொன்றும் தலையணை சைஸ். முன்னால் அந்த வருஷம் எந்தப் பத்திரிகை செத்தது, எது பிறந்தது, யார் காலமானார் என்று நீளமாக ஒரு வருஷக் கணக்கு எழுதுவார். கடைசியில், புத்தகத்தில் இடம் கிடைக்காத நல்ல கதைகளின் பட்டியல். அதைப் பார்த்தபோது எனக்குச் சித்தப்பாவின் கணக்கு நோட்டுத் தாள்தான் கண்ணில் வந்தது. 35-ஆவது தொகுப்பு வந்த 2018-லேயே, மே மாதம், டோஸுவா காலமாகிவிட்டார். அவரோடு அந்த வரிசையும் முடிந்தது.

இதெல்லாம் எதுக்கு முக்கியம் என்று கேட்கலாம். சிறுகதை பத்திரிகையில்தான் பிறக்குது. வாரப் பத்திரிகையின் ஆயுள் ஒரு வாரம். அதுக்கப்புறம் அது மளிகைக் கடையில் கடலைப் பொட்டலம். நாவல் எப்படியும் புத்தகமாகிவிடும். பேர் வாங்கின எழுத்தாளர் என்றால் அவர் சிறுகதையும் தொகுப்பில் ஏறிவிடும். ஒரே ஒரு நல்ல கதை எழுதிவிட்டு, அப்புறம் கல்யாணம், ஆபீஸ், டிரான்ஸ்ஃபர் என்று காணாமல் போனவர் கதி? அவருக்கு இருக்கிற ஒரே கதவு, வருஷா வருஷம் யாராவது உட்கார்ந்து எல்லாத்தையும் படித்து, 'இது நிற்கட்டும்' என்று எடுத்து வைப்பதுதான்.

தமிழில் இந்த வேலை நடக்கவே இல்லை என்று சொன்னால் அபாண்டம். 1940-களிலேயே அல்லயன்ஸ் கம்பெனி குப்புசாமி ஐயர் 'கதைக் கோவை' என்று தொகுதி தொகுதியாகப் போட்டார். ஆளுக்கொரு கதை, பெரியவர் சின்னவர் எல்லாரும் ஒரே பந்தியில். வருஷக் கணக்கு என்று பார்த்தால் இலக்கியச் சிந்தனைதான். 1970-இல் ப. லட்சுமணனும் ப. சிதம்பரமும் (ஆமாம், பின்னாளில் நிதி அமைச்சரான அதே சிதம்பரம்தான்) ஆரம்பித்தது. மாசா மாசம் பத்திரிகைகளில் வந்த கதைகளை எல்லாம் படித்து, கூடிப் பேசி, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டு மாசத்துக்குப் பன்னிரண்டு கதை. அதில் வருஷத்தின் சிறந்த கதை எது என்று ஒரு நடுவர் சொல்வார். பன்னிரண்டும் சேர்ந்து வானதி பதிப்பகத்தின் புத்தகமாக வரும். நாற்பது வருஷத்துக்கும் மேலாக விடாமல் நடந்த காரியம். இந்தியாவில் வேறு எத்தனை மொழியில் இப்படி ஒன்று இருக்கும்?

ஆனா கவனிங்க, மாசத்துக்கு ஒண்ணுதான். அந்த ஒரு இடத்துக்கு வறுமைக் கதை, மாமியார் கதை, கிராமத்துக் கதை, ஆபீஸ் கதை எல்லாம் முட்டி மோதும்போது, செவ்வாய் கிரகத்தில் இறங்கும் கதைக்கு எவ்வளவு வாய்ப்பு? அவர்கள் மேல் தப்பில்லை. அறிவியல் கதைக்கென்று தனி வரிசை வேண்டுமானால் முதலில் அதுக்கென்று தனிப் பத்திரிகை வேணும். அமெரிக்காவில் அந்தப் பத்திரிகைகள் 1926-லேயே ஆரம்பித்துவிட்டன. வங்காளத்தில் அத்ரீஷ் பர்தன் 1963-இல் 'ஆஸ்சர்ஜோ' என்று ஒன்று நடத்தினார். நமக்கு விகடன், குமுதம், கல்கிக்கு நடுவில், ஜோக்குக்கும் சினிமாச் செய்திக்கும் பக்கத்தில், எப்போதாவது ஒரு விஞ்ஞானக் கதை. அதையும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் எழுதினார். பேர் சொல்லணுமா என்ன? சித்தப்பாவின் 1983 புத்தகத்தில் பாதிக்கு மேல் சுஜாதாதான். மனுஷன் தனியாளாக ஒரு துறையையே தூக்கிச் சுமந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் உண்டு. ஒரே ஆள் எழுதினால் அவருடைய தொகுப்பே போதும், வருஷத் தொகுப்புக்குத் தேவையே இல்லாமல் போயிடுது. அவர் பக்கத்தில் நின்று நாலு வரி எழுதின மற்ற பேர் யாருக்கும் தெரியாமல் போயிடுது.

ஃபேண்டஸி கதை இன்னும் வேடிக்கை. கடவுளே மெட்ராஸுக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி சாப்பிடுகிற கதையைப் புதுமைப்பித்தன் 1940-களில் எழுதிட்டார். அதை நாம் இலக்கியம் என்று வைத்துக்கொண்டோம் (இலக்கியம்தான்). மாயம் மந்திரம் என்றாலோ அம்புலிமாமாவுக்கு, சின்னப் பசங்களுக்கு என்று தள்ளிவிட்டோம். நடுவில் 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தார். எங்க பள்ளத்தாக்குப் பசங்க அறிவியல் புனைவு படித்தது அந்த ஆள் கரண்டைத் தொட்டு மறையும்போதுதான்.

மராத்திக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட கெட்டிக்காரர்கள். மராத்தி விஞ்ஞான் பரிஷத் என்ற அமைப்பு அறிவியல் கதைப் போட்டி நடத்தி வந்தது. 1974-இல் ஒரு கருந்துளைக் கதைக்குப் பரிசு கிடைத்தது. எழுதினவர் பேர் நாராயண் விநாயக் ஜக்தாப். யாருப்பா அது என்று பார்த்தால், வானியற்பியலாளர் ஜயந்த் விஷ்ணு நார்லிகர்! தன் இனிஷியலைத் திருப்பிப் போட்டு ஒரு பேர் உண்டாக்கி அனுப்பியிருக்கிறார், பேருக்காகப் பரிசு கொடுத்துவிடக் கூடாது என்று. 2025-இல் அவர் மறைந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த ஜக்தாப்தான். வருஷா வருஷம் ஒரு போட்டி இருந்தால் இப்படி ஒரு ஆள் உள்ளே வர வழி கிடைக்கும். 1993-இல் பால் போண்ட்கே, நேஷனல் புக் டிரஸ்டுக்காக இந்திய மொழிகளின் அறிவியல் கதைகளை இங்கிலீஷில் தொகுத்தார். அதிலும் தமிழுக்குச் சுஜாதா இருந்தார். நல்ல தொகுப்புதான், ஒரே தடவையோடு சரி.

நம்ம பக்கம் ஏதாவது அசைந்தது என்றால் அது 2000-களின் நடுவில். திண்ணை இணைய இதழும் மரத்தடி குழுவும் சேர்ந்து அறிவியல் புனைகதைப் போட்டி நடத்தின, நடுவர் சுஜாதா. அந்தக் கதைகள் 'எதிர்காலம் என்று ஒன்று' என்ற பேரில் எனி இந்தியன் பதிப்பகப் புத்தகமாக வந்தன. நம்மில் பல பேர் அப்போது யூனிகோடுக்கும் திஸ்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தட்டச்சு பழகிக்கொண்டிருந்தோம். ஜெயமோகனின் அறிவியல் கதைகளும் திண்ணையில் வந்து 'விசும்பு' என்று அதே பதிப்பகத்தில் தொகுப்பாயின. 2008 பிப்ரவரியில் சுஜாதா போன பிறகு அவர் பேரில் ஆழி பதிப்பகம் ஒரு போட்டி வைத்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியம். ஒவ்வொன்றையும் பார்த்து, 'இனி வருஷா வருஷம் வரும்' என்று நானும் நம்பினேன். நம்ம ஊர்ப் பட்டிமன்றம் மாதிரி, மேடை பிரித்ததும் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் அறிவியல் கதைக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்பவும் சொல்கிற பதில் தண்ணீர். மேற்கே மலையாளப் பக்கம் ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, கிழக்கே திருப்பி விட்டார் பென்னிகுயிக். 1895. எங்க தாத்தா நட்ட நெல் அந்தத் தண்ணியில் விளைந்தது. 1880-இல் ஒருத்தர் இதைக் கதையாக எழுதி அனுப்பியிருந்தால், 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இரண்டாவது சுரங்கம் கதை கொஞ்சம் கசப்பு. தேவாரம் பக்கம் பொட்டிபுரம். மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும்படி, 50,000 டன் காந்த இரும்பை வைத்து நியூட்ரினோவைப் பிடிக்கும் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அப்புறம் வழக்கு, பசுமைத் தீர்ப்பாயம், நடைபயணம். 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், புலிகள் நடமாடும் வழித்தடம் அது, அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

அந்த வருஷங்களில் எங்க டீக்கடைகளில் கேட்ட பேச்சை யாராவது எழுதி வைத்திருக்கணும். மலை வெடிக்கும்னாங்க. பொம்பளைக்குப் பிள்ளை பிறக்காதுன்னாங்க. இந்தப் பக்கம் விஞ்ஞானிகள் வந்து, நியூட்ரினோ உங்க உடம்பு வழியா இப்பவும் கோடிக்கணக்கில் போய்க்கிட்டுதான் இருக்கு, ஒண்ணும் பண்ணாதுன்னாங்க. கேட்ட பெரியவர் ஒருத்தர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்! காட்டையும் தண்ணியையும் பற்றின பயம் நியாயமான பயம், அதை நான் கேலி பண்ணலை. ஆனா ஒரு பக்கம் வதந்தி, இன்னொரு பக்கம் பாடப் புத்தகம், நடுவில் ஒரு நல்ல கதையைக் கேட்ட ஞாபகம் யாருக்குமே இல்லை. அதே பள்ளத்தாக்கில், முப்பது வருஷத்துக்கு முன்னால், ராத்திரி சாப்பாடு ஆனதும் மூட்டை தூக்குகிற நாலு பேரை உட்கார வைத்து, செவ்வாய் கிரகத்துக் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டின ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். அவர்கள் கேட்ட கேள்வியெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. 'அங்கே கூலி யாரு குடுப்பா?' அந்த மாதிரி.

சரி, அந்த ஒன்பது புத்தகம் என்ன ஆச்சு? சித்தப்பா 1990-களில் போய்ச் சேர்ந்தார். வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது சித்தி என்னைக் கேட்டாங்க, 'பெட்டியில புஸ்தகம் இருக்கு, வேணுமாய்யா?' எனக்கு அப்போ பரீட்சை. அப்புறம் வர்றேன் சித்தின்னேன். நான் போனபோது பெட்டி மட்டும் இருந்தது, உள்ளே கோதுமை. எடைக்குப் போட்டாச்சு. நான் எப்பவோ எடுத்து வந்து திருப்பிக் கொடுக்காத 1983 ஒன்றுதான் மிச்சம். புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவன் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சித்தப்பா :-(

சிங்கப்பூர் நண்பர்கள் சிலர் 2018-இல் 'அரூ' என்று ஒரு இணைய இதழ் ஆரம்பித்தார்கள். மறு வருஷமே அறிவியல் சிறுகதைப் போட்டி, நடுவர் ஜெயமோகன். ஒரு தடவையோடு விடாமல் அடுத்தடுத்த வருஷமும் வைத்தார்கள். ஒவ்வொரு வருஷத்துக் கதையும் வருஷத்தோடு, எழுதினவர் பேரோடு ஒரு இடத்தில் நிற்குது. நான் தேடினது அதைத்தான். அதில் எழுதினவர்கள் நிறையப் பேர் எனக்குத் தெரியாத பேர்கள், அதுதான் சந்தோஷம்.

கடைசியா ஒரு உதவி. 1983 புத்தகத்தில் ஒரு கதை. முதல் பக்கம் இல்லை; கதை பேரும் எழுதினவர் பேரும் அதோடு போச்சு. கிழித்தது நான்தான், பதினோரு வயசில். அந்தப் பக்கத்தில் பெரிசாக ஒரு ராக்கெட் படம் இருந்தது, ஸ்கூல் ஆல்பத்தில் ஒட்டினேன். ஆல்பத்துக்கு ஏழு மார்க் வந்தது. கடைசியில் ஒட்டின கணக்கு நோட்டுத் தாளில் சித்தப்பா கழித்துவிட்ட பதினான்கு கதைகளின் பேரும் ஆசிரியர் பேரும் பத்திரமாக இருக்கு. இந்தக் கதையை அவர் எடுத்துக்கொண்டதால் அதில் இல்லை.

கதை இதுதான். மழை ரேஷனில் கிடைக்கிற காலம். குடும்பத்துக்கு வருஷத்துக்கு இத்தனை நிமிஷம் மழை என்று அட்டை. ஒரு கிழவி மூணு வருஷமாகத் தன் பங்கை வாங்கவே இல்லை. பதுக்கல் கேஸோ என்று ஒரு அதிகாரி விசாரிக்க வருகிறார். அவள் மகன் சந்திரனில் சுரங்க வேலைக்குப் போயிருக்கான், அங்கே மழை கிடையாது, அவன் லீவில் வரும்போது மொத்தமாகப் பெய்யட்டும் என்று சேர்த்து வைக்கிறாளாம். அதிகாரியின் பையில் சந்திரனிலிருந்து வந்த தந்தி இருக்கு. அவர் அதைக் கொடுக்காமல், அட்டையில் நாலாவது வருஷத்துக்கும் முத்திரை குத்திவிட்டு எழுந்து போகிறார்.

கடைசிப் பக்கத்தின் பின்னால் 'மண் வாசனை' பட விளம்பரம் பாதி இருக்கு, ஆக 1983 பிற்பாதியில் வந்த ஏதோ வாரப் பத்திரிகை. மூணு பத்தி அமைப்பு, மட்டமான நியூஸ்பிரிண்ட். ஓரத்தில் சித்தப்பா பென்சிலில் எழுதினது: 'மிக நன்று. புதியவர். மேலும் எழுதுவார்.'

யாருக்காவது இந்தக் கதை ஞாபகம் இருந்தால், எழுதினவர் பேர் தெரிந்தால், சொல்லுங்க.